கறுத்த கல்லைச் சுரண்டலாமா?

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய கற்கட்டடத்தில் முகப்பு முழுக்கக் கறுத்துவிட்டது. மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் ஒரே வாரத்தில் வெளுத்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வெளுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போய்விடும். பல கற்களில் காலப்போக்கில் வெளிப்புறம் சற்று இறுகிப்போயிருக்கும். மணல் அடி அதை உரித்துவிட்டால் உள்ளேயிருக்கும் மென்மையான பகுதி வெளியே தெரியும், சொரசொரப்பான அந்தப் பரப்பில் தண்ணீரும் தூசியும் முன்பைவிடச் சீக்கிரம் தங்கும், உளித்தடமும் செதுக்கு வேலையின் கூர்மையும் திரும்பி வராது.

முதலில் அந்தக் கறுப்பு என்ன என்று பாருங்கள். சுண்ணாம்புக்கல்லோ பளிங்கோ என்றால், மழை நேராகப் படாத விளிம்புகளுக்கு அடியில்தான் கறுப்பு தடித்துப் படிந்திருக்கும். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து கல்லின் கால்சியம் கார்பனேட்டை ஜிப்சமாக்குகிறது, வளரும் ஜிப்சம் புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும் என்பதால், பனிபோல மெல்லிய தூறலில் ஊறவிட்டு மென்மையான பிரஷ்ஷால் எடுக்கிறார்கள். பொறுமை வேண்டும், அளவும் வேண்டும். தண்ணீர் அதிகமானால் சுவருக்குள் இருக்கும் இரும்புப் பிடிகள் துருவேறி வீங்கிக் கல்லையே பிளந்துவிடும்.

மழை ஒழுகும் இடத்தில் கறுப்பு இருந்தால் அது பெரும்பாலும் பாசி அல்லது பூஞ்சை. அதற்கு முதல் மருந்து உடைந்த தண்ணீர்க்குழாயைச் சரிசெய்வதுதான்.

ஆசிட்? சுண்ணாம்புக்கல்லில் ஊற்றினால் பொங்குகிறதே, அங்கே கரைவது உங்கள் கல். தாஜ்மஹாலின் பளிங்குக்கே முல்தானி மிட்டி என்ற களிமண்ணைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, கழுவித்தான் மஞ்சள் கறையை எடுக்கிறார்கள். நுணுக்கமான சிற்பம் என்றால் லேசரும் உண்டு. கிரேக்க நாட்டின் ஏதென்ஸில் உள்ள அக்ரோபோலிஸ் என்ற பழைய கோயில் குன்றின் பெண் வடிவத் தூண்களை அகச்சிவப்பு, புற ஊதா என இரண்டு லேசர் கதிர்களையும் சேர்த்துச் சுத்தம் செய்தார்கள், அகச்சிவப்பு மட்டும் என்றால் கல் மஞ்சளாகத் தெரியக்கூடும் என்பதால். முழு முகப்புக்கும் அதைச் செய்தால் செலவு தாங்காது.

எந்த முறையானாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் சின்னதாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: கல் இடுக்குகளில் சாந்து உதிர்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுத்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேறும், தேய்ந்தாலும் அதுதான் தேயும். இறுகிய சிமெண்ட்டை வைத்தால் ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அப்போது ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு கல்லுக்குள் படிகமாகி முகம் பொரிந்து கொட்டும். பழைய சாந்தை கையுளியால் எடுங்கள், கிரைண்டர் கல்லின் விளிம்பையும் அறுத்துவிடும். அப்புறம், ஈரம் உள்ள சுவருக்கு அந்தப் பூச்சைக் கொடுத்தால் உப்பு அதன் பின்னால் சேர்ந்து கல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்துவிடும். கூரையும் நீர்வழியும் ஒழுங்காக இருந்தால் பூச்சு அநேகமாகத் தேவையே படாது.