டவரா, சவுண்ட்பாரா, அசெம்பிள் செட்டா? ஹோம் தியேட்டர் கேள்வி-பதில்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் சொந்த வீடு. ஹால் 11-க்கு 16 அடி. 55 அங்குல டிவியைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். படம் போட்டால் பேசுவது புரியவில்லை என்று அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். கூட்டினால் சண்டைக் காட்சியில் பக்கத்து வீடு வரை அதிர்கிறது. 45 ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் ஜோடியை எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் டிவிக்கு அடியில் வைக்கும் நீளமான ஒற்றைப் பெட்டி, அதாவது சவுண்ட்பாரே போதும் என்கிறார்கள். தம்பியோ, சின்ன ஸ்பீக்கர் ஐந்தும் ஒரு சப்வூஃபரும் (கனத்த அடிச்சத்தத்துக்கான தனிப் பெட்டி) வரும் செட்தான் ஹோம் தியேட்டர் என்கிறான். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர்களையும் தம்பியையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். உங்கள் வீட்டில் என்ன குறை என்பதை அம்மாவே சொல்லிவிட்டார்: வசனம் புரியவில்லை.

இப்போதைய டிவிகள் மெலிந்துவிட்டதால் அவற்றின் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கிறது. போதாததற்கு, 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலி) வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாகப் பதிவாகியிருக்கும். டிவி அதையும் இசையையும் வெடிச்சத்தத்தையும் இரண்டு குட்டி ஸ்பீக்கரில் திணிக்கிறது. ஆகவே முதல் காசு போக வேண்டிய இடம் நடு ஸ்பீக்கர். பின்னால் வைக்கிற இரண்டும் இல்லாமல் வருஷக்கணக்கில் படம் பார்க்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர்க்காரருக்கு வசனத்தின் அருமையை நான் சொல்லித் தர வேண்டுமா என்ன!

டவர் பார்க்க ஜோர்தான். ஆனால் சுவரை விட்டு ஓரிரு அடி தள்ளி நிற்க வேண்டும். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் (அடிச்சத்தம்) குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு அறைக்கும் தானாக முழங்குகிற சில சுரங்கள் இருக்கும். உங்கள் ஹாலின் நீளத்துக்கு அது சுமார் 35 ஹெர்ட்ஸ், அகலத்துக்குச் சுமார் 51 ஹெர்ட்ஸ் (எண் குறையக் குறையச் சுரம் தாழும்). டவரை டிவிக்கு இரண்டு பக்கமும்தான் வைத்தாக வேண்டும். முழங்குகிறது என்று நகர்த்த வழியில்லை. சப்வூஃபர் தனியாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் தள்ளி வைக்கலாம். அதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. சப்வூஃபரை சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வைத்து, பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் முழக்கமில்லாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தம்பி சொல்லும் செட்டில் இருக்கும் சாட்டிலைட் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மூன்று அங்குலத்துக்குள்தான். அவை 120, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கத் திணறும், மீதியை சப்வூஃபர் சுமக்கும். ஆண் குரலின் அடிப்பகுதி அந்த எல்லையில்தான் இருக்கிறது. கதாநாயகன் திரையில் பேச, குரலில் பாதி அறையின் மூலையிலிருந்து வரும். தட்டில் வைக்கும் அளவுள்ள, ஐந்து அங்குல வூஃபர் (பேஸ் தரும் ஸ்பீக்கர்) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றால் 80 ஹெர்ட்ஸ் வரை தானே பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள பேஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது.

உங்கள் 45 ஆயிரத்தில் ரிசீவர் (டிவி ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குப் பவர் கொடுக்கும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் எல்லாமே அரைகுறையாக வரும். இரண்டு வழி இருக்கிறது. வயர் இழுக்க மனமில்லை, டிவி வேலை செய்தால் போதும் என்றால் 3.1 சவுண்ட்பார் எடுங்கள். அதில் ‘3’ என்றால் நடுவில் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் இருக்கிறது என்று அர்த்தம். 2.1 வேண்டாம். பாட்டும் கேட்போம், பொறுமையும் உண்டு என்றால் ஒரு ரிசீவர், ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப், ஒரு சென்டர் (நடு ஸ்பீக்கர்), முடிந்தால் அதே வரிசை மாடலில். சப்வூஃபர் அடுத்த தீபாவளிக்கு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். ரிசீவர் பழுதானால் ஸ்பீக்கர் மிஞ்சும். சவுண்ட்பாரில் எல்லாமே ஒரே உடம்பு. ஆனால் அம்மாவுக்காக மட்டும் என்றால் முதல் வழியே போதும், மீதிப் பணம் பையில் இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸ் தட்டுக்குள் தள்ளி மூடிவிடாதீர்கள். தட்டின் முன் விளிம்பு வரை இழுத்து, அடியில் சின்னதாக ஒரு ரப்பர் கட்டை கொடுத்து, முகத்தை உட்காருபவர் காதை நோக்கித் தூக்கி வையுங்கள். அப்புறம் அமைப்பில் ‘நைட் மோட்’ இருக்கும். அது சண்டைச் சத்தத்தை அடக்கி, பேச்சை மேலே கொண்டுவரும். இரவு 10 மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு 45 டெசிபல்தான், பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் இருக்கட்டும்.

கடையில் கேட்கும்போது ஹெலிகாப்டர், வெடி எதையும் போட விடாதீர்கள். ஒரு செய்தி வாசிப்பும், நாலு பேர் உட்கார்ந்து பேசும் ஒரு காட்சியும் போதும். அதுவும் வீட்டில் வைக்கிற சத்தத்தில். இரண்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கட்டும். சற்றுக் கூடுதல் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும், விற்பவருக்கு இது தெரியும்.

கேள்வி: கொண்டலாம்பட்டியில் எங்கள் தெரு மெக்கானிக் 5.1 அசெம்பிள் செட் போட்டுத் தருகிறேன் என்கிறார். கடையில் இருக்கும் பெட்டியில் ‘8000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் சொல்வதோ 4440 போர்டு (4440 என்ற ஆம்ப்ளிபையர் ஐ.சி. உள்ளது). எது பவர் அதிகம்?

பதில்: பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணம் வந்துபோகும் உச்சத்தை அவரவர் இஷ்டப்படி கணக்குப் போட்டு எழுதுவது. அதற்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து கொடுக்கும் பவரான ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். அதையும் நம்பாவிட்டால் பெட்டியின் பின்புறத் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 60 வாட் என்று இருந்தால், அது கரண்டில் இழுப்பதே 60 வாட். இழுப்பதைவிட அதிகமாகத் தொடர்ந்து வெளியே கொடுக்க எந்த ஆம்ப்ளிபையராலும் முடியாது.

4440 ஐ.சி.யும் பெரிய வீரன் இல்லை. இரண்டு சேனலாகப் போட்டால் சேனலுக்கு 6 வாட், இரண்டையும் ஒன்றாக இணைத்து பிரிட்ஜ் செய்தால் 19 வாட். சின்ன அறையில் பாட்டுக்குத் தாராளம், ஆறு சேனல் படத்துக்குப் போதாது. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது வேறு: டால்பி டிகோடர் போர்டு (5.1 ஒலியைப் பிரித்தெடுப்பது) இருக்கிறதா, டிவியிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஆர்க் அல்லது ஆப்டிகல் வயர் (டிவியின் ஒலியை வெளியே எடுக்கும் இணைப்புகள்) நேராக உள்ளே போகுமா? இல்லையென்றால் ஸ்டீரியோவையே ஆறாகப் பிரித்துக் கொடுக்கிறார். ஆறு ஸ்பீக்கரில் சத்தம் வரும், 5.1 வராது. பழுதானால் தெருவிலேயே ஆள் இருப்பது அசெம்பிள் செட்டின் பெரிய லாபம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஸ்பீக்கர் வாங்கும்போது சென்சிட்டிவிட்டியையும், அதாவது அதே பவருக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதையும் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் கொடுக்கும் சத்தத்தை 85 டெசிபல் ஸ்பீக்கர் கொடுக்க 100 வாட் கேட்கும்.

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எஸ்டேட் வீடு, ஓட்டுக் கூரை. பழைய ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியிருந்த வளையம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. இப்போது மேலே பார்த்து ஒலி அடிக்கும் அட்மாஸ் (தலைமேலிருந்தும் ஒலி வருவதுபோல் செய்வது) சவுண்ட்பார் வாங்கலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு அது வீண் செலவு. மேலே அடிக்கும் ஸ்பீக்கர் தட்டையான, கெட்டியான கூரையில் பட்டுத் தலைமேல் திரும்பி வர வேண்டும். சரிந்த ஓட்டில் பட்டால் எங்கேயோ சிதறிப் போகும். கீழே சேலத்தில் தட்டையான கான்கிரீட் கூரை வீட்டுக்காரர் அதை வாங்கட்டும். உங்களுக்கு வழக்கமான 5.1 போதும். பின் ஸ்பீக்கர் இரண்டையும் உட்காருமிடத்துக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால் வையுங்கள்.

உதிர்வது ஃபோம் வளையம். ஈரக் காற்றில் ஃபோம் தானாகவே சிதைந்துவிடும், எவ்வளவு பத்திரமாக வைத்தாலும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேகத்துக்குள் குடியிருப்பவர்கள் ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குவதுதான் வழி. கிரில்லைக் கழற்றி விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்: ஃபோம் என்றால் பஞ்சுபோல் நுண்துளை தெரியும், ரப்பர் வழவழப்பாக இருக்கும். பழையதையும் எறிய வேண்டாம். கோனும் காயிலும் நன்றாக இருந்தால் வளையம் மட்டும் மாற்றலாம். பார்ட்டிகிள் போர்டு பெட்டி தரை ஈரத்தில் உப்பும், நாலு பக்கமும் கால் வைத்துத் தூக்கி வையுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குவதோடு டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பல வீடுகளில் இடி வருவது அந்த வழியில்தான்.

கேள்வி: என் டிவியில் ஆப்டிகல் மட்டும்தான் இருக்கிறது. அட்மாஸ் வருமா? (ஃபேர்லாண்ட்ஸ்)

பதில்: வராது. சாதாரண டால்பி 5.1 வரும், அதுவும் டிவி ஆடியோ அமைப்பை ‘பி.சி.எம்.’மில் விட்டால் வெறும் ஸ்டீரியோதான். ‘பிட்ஸ்ட்ரீம்’ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றுங்கள். சீரியலும் செய்தியும்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலான சேனல்கள் ஸ்டீரியோதான்.

கேள்வி: வாங்கி ஒரு மாதத்தில் சப்வூஃபர் ‘உம்’ என்று இரைகிறது. கடைக்காரர் கம்பெனியைப் பாருங்கள் என்கிறார், கம்பெனி கடையைப் பாருங்கள் என்கிறது.

பதில்: முதலில் ஒரு சோதனை. டிவியும் சப்வூஃபரும் வேறு வேறு பிளக்கில் இருந்தால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் கோளாறு, பொருளில் குற்றமில்லை. எல்லா வயரையும் கழற்றி, கரண்ட் மட்டும் கொடுத்தும் இரைந்தால் பழுதுதான். அதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

விற்றவர் நழுவ முடியாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை, தயாரிப்பாளர் இருவர் மீதும் புகார் சொல்லலாம். சீரியல் எண்ணோடு கூடிய பில் அவசியம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதுகளைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.