தொழில்நெறி வழிகாட்டுநர் படிப்பு: வாசகர் கேள்வி-பதில்

பி.எட். முடித்துப் பத்து ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர் படிப்பையும் தொழிலையும் தேர உதவும் தொழில்நெறி வழிகாட்டுதலில், வேலையை விடாமல் பட்டயம் பெற முடியுமா?
தேவகோட்டை வாசகி

முடியும். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) நடத்தும் வழிகாட்டுதல், ஆலோசனைப் பட்டயப் படிப்பு உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. ஓராண்டில் முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே படிக்கலாம். அடுத்த மூன்று மாதம் படிப்பு மையத்தில் நேரில் இருக்க வேண்டும், நமக்குப் பக்கம் மைசூரு. கடைசி மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி. நடுவிலுள்ள அந்த மூன்று மாதத்துக்கு விடுப்பு உண்டா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

தொலைநிலையில் எம்.எஸ்சி. உளவியல் சேரலாமா?
பள்ளத்தூர் வாசகர்

கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிப்பதில்லை. "இன்னும் சில இடங்கள் இருக்கின்றன" என்று எவரேனும் தொலைபேசியில் அழைத்தால் நம்பாதீர்கள். எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும், பணம் கட்டுமுன் யு.ஜி.சி.யின் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். கட்டிய பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.

சார், எந்த கோர்ஸ் பெஸ்ட்? உடனே பதில் தேவை.
பெயரும் ஊரும் இல்லை

என்ன பட்டம், என்ன வயது, வேலையில் இருக்கிறீர்களா என்று ஒன்றையும் சொல்லாமல் கேட்டால் எதைச் சொல்வது? எதிரில் இருப்பவரிடம் விவரம் கேட்டு வாங்குவதே வழிகாட்டுநரின் முதல் வேலை. அதைக்கூடத் தர மனமில்லாதவர் இத்துறைக்கு வருவதைப் பற்றி மறுமுறை யோசிக்கலாம்.

விரல்ரேகையைப் பார்த்துப் பிள்ளைக்கு ஏற்ற படிப்பைச் சொல்லும் கருவியும் இரண்டு நாள் பயிற்சியும் சேர்த்து 40,000 ரூபாய் என்கிறார்கள். காரைக்குடியில் மையம் தொடங்கலாமா?
புதுவயல் வாசகர்

வேண்டாம், வேண்டவே வேண்டாம். விரல்நுனியின் கோடுகள் கரு வயிற்றிலிருக்கும்போதே, ஏறத்தாழ ஐந்தாம் மாதத்துக்குள், அமைந்துவிடுகின்றன. ஆளை அடையாளம் காணக் காவல்துறைக்கு அவை உதவும், பிள்ளை கணக்கியல் படிப்பானா உயிரியல் படிப்பானா என்பதைச் சொல்லா. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் கூறியிருக்கிறது. ஜாதகம் பார்ப்பவராவது தாம் பார்ப்பது ஜாதகம் என்று நேர்மையாகச் சொல்கிறார். இவர்கள் அதற்கு மூளை என்றும் நரம்பு என்றும் பெயர் சூட்டி, வண்ண அட்டை போட்டு விற்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்கு வராது என்று எழுதிக் கொடுத்த அத்தகைய அறிக்கையுடன் ஒரு தாயார் என்னிடம் வந்தார். அந்தப் பையனோ மாலை நேரத்தில் தகப்பனார் கடையின் பேரேட்டைத் தப்பில்லாமல் எழுதி வருபவன். அவனிடம் அரைமணி நேரம் பேசியிருந்தால் அது தெரிந்திருக்கும். 1908-இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் தொழில் ஆலோசனைப் பணியகத்தைத் தொடங்கியபோதே, தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்று மூன்றைத்தான் அடிப்படையாக வைத்தார். பின்னால் வந்த உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு வகை விருப்பச் சோதனையும் பேச்சைத் தொடங்க உதவுவதே தவிரத் தீர்ப்பு அன்று. நம் செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடைக்குப் போனவர் எவரும் முதல் நாளே மேலாளாக உட்காரவில்லை. பெட்டியடிப் பையனாகக் கீழே அமர்ந்து, வருவோர் போவோரைப் பார்த்துப் பார்த்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகிப் பிறகுதான் மேலே வந்தார். களப்பயிற்சி என்பதும் அதுதான். அது இல்லாத சான்றிதழை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மகளை இங்கிலாந்தில் இப்படிப்பில் சேர்க்க விரும்புகிறோம்.
கானாடுகாத்தான் வாசகர்

அங்கே தொழில் மேம்பாட்டுக்கென உள்ள தொழில்முறை நிறுவனம் வழங்கும் தகுதியைப் பல்கலைக்கழகங்கள் முதுநிலைப் பட்டயத்துடன் இணைத்து நடத்துகின்றன. முழுநேரமாக ஓராண்டு, பகுதிநேரமாக இரண்டு ஆண்டு. பட்டயத்தோடு நிறுத்தினால் படிப்புக்குப் பிந்தைய பணி விசா கிடைக்காது. ஆகவே முதுகலைப் பட்டம் வரை போகும் படிப்பாகப் பாருங்கள். மணமானவராயின், 2024 முதல் இத்தகைய படிப்புக்குக் கணவரைச் சார்ந்திருப்போர் விசாவில் உடன் அழைத்துச் செல்ல இயலாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்று முன்னதாகவே கேட்டுவிடவும்.

வழிகாட்டுநருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு தேவையா?
திருப்பத்தூர் வாசகி

தேவையில்லை, அது மருத்துவ உளவியலாளர் போன்றோருக்கு உரியது. ஆனால் பதிவில்லாமல் மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்று பலகை வைக்காதீர்கள். அத்தகைய பிள்ளை வந்தால் உரியவரிடம் அனுப்புங்கள்.

பட்டயம் பெற்றால் வேலை கிடைக்குமா?
கோட்டையூர் வாசகர்

சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளின்படி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஆலோசகரை முழுநேரமாக வைத்திருக்க வேண்டும்.  2026-இல் அவ்விதிகள் திருத்தப்படும் வரை, பட்டதாரி ஒருவர் பெற்ற வழிகாட்டுதல் பட்டயமும் அதற்கு ஏற்ற தகுதியாக இருந்தது. நேர்காணலுக்குப் போகும்போது களப்பயிற்சிக் குறிப்பேட்டை மறக்காமல் கையில் கொண்டு போங்கள். மாணவர் பெயர்களை மறைத்துவிட்டு.