கயிறு கட்டிய மரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் கனசாவா போய் கென்ரோகுவென் தோட்டத்தைப் பார்த்தேன். பெரிய ஏமாற்றம். குளம் வெட்டியது, குன்று குவித்தது, மரத்துக்கெல்லாம் முட்டும் கயிறும். இதில் இயற்கை எங்கே? ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். கியோட்டோ தோட்டங்கள் இதைவிட மேலா? எந்த மாதம் போகலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக இந்தத் தோட்டமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. கியோட்டோவை விடுங்கள், தோட்டங்களுக்கு மதிப்பெண் போடுவதில் எனக்கு நாட்டமில்லை.

ஆனால் ஒரு மணி நேரமா? அந்த ஊரை ஆண்ட மயேதா பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த, 11 ஹெக்டேருக்கு மேல் பரந்த தோட்டம் அது. நடக்க நடக்கக் காட்சி மாறும்படி அமைத்தது. குளக்கரையில் இரட்டைக்கால் கல்விளக்கோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கயிற்றுக்கு வருகிறேன். அந்த ஊர்ப் பனி ஈரம் கோத்தது, கனமானது, கிளையை முறித்துவிடும். அதனால் ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று கயிறு கட்டத் தொடங்குகிறார்கள். முதல் மரம் கரசாகி பைன். 13ஆவது பிரபு நரியாசு, பிவா ஏரிக்கரையிலிருந்து விதை தருவித்து வளர்த்தது. ஒரு தூறல் நாளில் அந்த வேலையைப் பார்த்தேன். மரத்துக்கும் மேலே உயர்ந்த கம்பத்தின் உச்சியில் இருந்து ஒருவர் கயிறுகளை வீச, கீழே இருப்பவர்கள் கிளை கிளையாகப் பிடித்துக் கட்டுகிறார்கள். அந்த ஒரு மரத்துக்கே சுமார் 800 கயிறு. மார்ச்சில் அத்தனையையும் அவிழ்ப்பார்கள். நவம்பரில் மறுபடி கட்டுவார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதைப் போய்க் குறை என்கிறீர்களே!

மனிதக் கை படாததுதான் இயற்கை என்று யார் நமக்குச் சொன்னது? பனியின் எடை இயற்கை இல்லையா? அங்கே ஒரு பழைய நீரூற்று உண்டு. அதில் மோட்டார் கிடையாது. மேட்டிலுள்ள கசுமிகா குளத்து நீர் தன் அழுத்தத்தாலேயே மூன்றரை மீட்டர் எழும்புகிறது. கனசாவா கோட்டை தீப்பிடித்த மறு ஆண்டு, 1632இல், சாய் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாயின் நீர் அது. பனியையும் நீரையும் நன்றாக அறிந்தவர்களின் வேலை இதெல்லாம்.

வெளியூர் வேலையில் ஒரு நாள் விடுப்பு கிடைப்பதே பெரிது, தெரியும். இருந்தாலும் பிப்ரவரியில் இன்னொரு முறை போங்கள். பனி கொட்டிய மறுநாளாக இருந்தால் நல்லது. காலையிலேயே உள்ளே போய்விடுங்கள். அந்தக் கயிறுகள் எதைத் தாங்குகின்றன என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.