கணவர் வெளிநாட்டில்: வீடு கட்டுவதா, கட்டிய வீட்டை வாங்குவதா?

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை, வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். இரண்டு பிள்ளைகள். முழங்கால் வருத்தமுள்ள மாமியும் எங்களோடு இருக்கிறார். ஹெந்தளையில் எட்டுப் பேர்ச்சஸ் காணி ஒன்றை அப்பா எனக்குச் சீதனமாக நன்கொடை உறுதியில் எழுதித் தந்தார். இப்போது இரத்மலானையில் ஒரு பில்டர் ஆறு பேர்ச்சஸில் கட்டி முடித்த புது மாடிவீட்டை நாலு கோடிக்குத் தருவதாகச் சொல்கிறார். காணியை விற்று, மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுத்து அதை வாங்கலாம் என்கிறார் கணவர். காணியிலேயே உன் விருப்பப்படி கட்டு என்கிறார் அண்ணா. பில்டர் மாத முடிவுக்குள் பத்து இலட்சம் முற்பணம் கேட்கிறார். நான் என்ன செய்ய?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் காணிக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் இருக்கிறது. கட்டுவதென்றால் அந்த வளவில் தினமும் யார் நிற்பது என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அண்ணாவால் எட்டு, ஒன்பது மாதம் அங்கே நிற்க முடியுமா என்று நேரே கேளுங்கள். வார இறுதியில் வந்து எட்டிப் பார்ப்பேன் என்றால் போதாது. நிற்க ஆளில்லையென்றால், இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு, காலி வீதி நெரிசலைத் தாண்டி ஹெந்தளைக்குப் போய்ச் சேரும்போது பாஸ்மார் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டிருப்பார்கள். வீடு கட்டுவதில் பெரிய பிழைகள் எல்லாம் மூடப்பட்டுப் போகிறவை. சிலாப் போடுகிற நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கிரீட் விழுந்த பிறகு உள்ளே எத்தனை கம்பி, என்ன இடைவெளியில் கட்டினார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. அதற்கு முன்பே என்ஜினியர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கலவையில் தண்ணீர் கூடினால் ஊற்றுவது இலகு, பலம் குறைவு. பக்கத்தில் நின்று போதும் என்று சொல்ல ஆளில்லாவிட்டால் தண்ணீர் கூடத்தான் செய்யும். அப்புறம் ஒரு வாரமாவது அந்த சிலாப் காயாமல் ஈரமாகவே இருக்க வேண்டும். கொழும்பு வெயிலில் ஒருநாள் தண்ணீர் விடாமல் போனாலும் மயிர்வெடிப்பு விழலாம். உங்கள் சூழ்நிலையில் இதையெல்லாம் யார் பார்ப்பது?

பணமும் அப்படித்தான். கட்டி முடியும்வரை இந்த வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து போகும். 2022இல் சீமெந்தும் கம்பியும் விலையேறிய வேகத்தில், கொந்தராத்துக்காரர்கள் பழைய விலைக்கு முடியாது என்று கையை விரித்தார்கள். தூண்கள் மட்டும் எழும்பி நின்றுபோன வீடுகளை வத்தளைப் பக்கத்திலும் பார்த்திருப்பீர்கள். இன்னொரு விஷயம். நன்கொடை உறுதியுள்ள காணியை ஈடாக எடுக்க வங்கிகள் தயங்குவதுண்டு. ஆகவே அண்ணா சொல்கிறபடி கட்ட நினைத்தாலும், அந்தக் காணிக்குக் கடன் கிடைக்குமா என்று வங்கியில் முதலில் கேட்க வேண்டும். ஹெந்தளைப் பக்கம் தாழ்ந்த நிலங்களும் உண்டு. மண் நிரப்பி உயர்த்திய பிறகுதான் அத்திவாரம் என்றால் அதற்கே ஒரு தொகை போகும்.

அண்ணா நிற்கிறேன் என்றால் கதை வேறு. அப்போது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த கொந்தராத்துக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். வேலை விபரப் பட்டியலை வரிவரியாக எழுதி வாங்கி, வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். கடைசியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரத்மலானை வீட்டுக்கு வருவோம். கட்டிய வீட்டை வாங்குவதில் பெரிய நன்மை, வாங்குகிற பொருளைக் கண்ணால் பார்க்கலாம் என்பது. ஆனால் புதுப் பெயின்ற் பூசிய வீட்டை வெயில் நேரத்தில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். சுவரின் அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் தெரியும். மேல்மாடிக் குளியலறையின் வடிகாலை அடைத்து, தரையில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒருநாள் அப்படியே விடச் சொல்லுங்கள். அடுத்த நாள் கீழே நின்று கூரைத்தட்டைப் பாருங்கள். நல்ல வேலை செய்த பில்டர் இதற்கு மறுக்க மாட்டார். மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடவுங்கள், வெறுமையான சத்தம் வருகிற இடத்தில் அடியில் கலவை பிடிக்கவில்லை. எல்லாக் குழாயையும் ஒரேயடியாகத் திறந்து பாருங்கள். கடைசியாக, உங்களுக்கென்று ஒரு என்ஜினியரைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். நாலு கோடி கொடுக்கிற இடத்தில் அந்தக் கூலி செலவே அல்ல.

நம் வீட்டுப் பழக்கத்துக்கு அது சரிவருமா என்பதையும் பாருங்கள். பில்டர்கள் அழகான பேன்ட்ரி வைப்பார்கள், மிளகாய் வறுக்கப் பின்னால் ஒரு சமையற்கட்டு இருக்காது. அதற்குப் பின்வளவில் தகரம் இறக்கினால், சட்டப்படி திறந்து விட வேண்டிய இடம் அடைபட்டுப் போகும். சாமி அறைக்கு நீங்கள் நினைக்கிற மூலைக்கு நேர் மேலே மாடிக் கழிவறை இருக்கிறதா? மாமிக்குக் கீழேயே ஓர் அறையும் குளியலறையும் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், வீடு எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதே பில்டர் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொண்டிருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். கூரை ஏறி, பூச்சு வேலைக்கு முன்னால் நிற்கிற வீடு இன்னும் நல்லது. சுவரையும் பார்க்கலாம், சமையலறையை மாற்றியும் கேட்கலாம்.

பத்திரங்களை நொத்தாரிசு பார்ப்பார், ஆனால் அவர் உங்களுடைய நொத்தாரிசாக இருக்க வேண்டும், பில்டர் காட்டுகிறவராக அல்ல. காணிப் பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். பில்டர் அந்தக் காணியை வங்கியில் ஈடு வைத்திருந்தால் அதில் தெரியவரும். அங்கீகரித்த வரைபடத்தோடு வீடு ஒத்துப்போகிறதா, கட்டி முடித்தபின் உள்ளூராட்சி சபை தருகிற இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத ஓர் அறையைக் கூட்டிக் கட்டியிருந்தால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது, வங்கியும் கேள்வி கேட்கும். ஒரு காணியைத் துண்டாடி நாலைந்து வீடு கட்டியிருந்தால், பொது ஒழுங்கைக்கான வழியுரிமை உங்கள் உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முத்திரை வரியையும் கணக்கில் சேருங்கள். முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம், ஆகவே நாலு கோடிக்கு ஏறத்தாழ 16 இலட்சம் உங்கள் கையிலிருந்து போகும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. ஹெந்தளைக் காணி உங்கள் அப்பா உங்களுக்குத் தந்தது. அதை விற்று வாங்குகிற வீட்டின் உறுதியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். தனியாகவோ, குறைந்தது கணவரோடு சேர்த்தோ. கடன் கணவரின் சம்பளத்தில் எடுப்பதால் உறுதியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று பேச்சு வரலாம். கடன் யார் பெயரில் என்பதும் வீடு யார் பெயரில் என்பதும் வேறு வேறு. காணி உங்களுடையது என்பதால் இதைக் கேட்க நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. வீடு பார்க்கும்போதே கணவரோடு பேசிவிடுங்கள். கையெழுத்து நாளில் பேசினால் மனக்கசப்புத்தான் வரும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமென்றால், உங்கள் காணியை நீங்கள் விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். வாங்குகிற சொத்திலும் அந்தச் சட்டத்துக்கு இடமுண்டு. ஆகவே இதை நொத்தாரிசிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணவர் வர முடியாவிட்டால் தோஹாவிலுள்ள நம் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பலாம், அதை இங்கே பதிய வேண்டும்.

நன்கொடை உறுதியை எடுத்து நிதானமாக வாசியுங்கள். பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவது நம்மிடையே வழக்கம். அப்படி இருந்தால் அப்பாவும் கையெழுத்து வைத்தால்தான் காணியைச் சுத்தமாக விற்கலாம். அவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அண்ணா வழியாகச் செய்தி போக வேண்டாம்.

முற்பணம் பற்றி: மாத முடிவு என்பது பில்டரின் அவசரம், உங்களுடையது அல்ல. காணி விலைபோகவில்லை, வங்கி சரி சொல்லவில்லை, பதிவுத் தேடல் முடியவில்லை. இந்த நிலையில் பத்து இலட்சத்தை வெறும் பற்றுச்சீட்டுக்குக் கொடுக்காதீர்கள். நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, உரித்தில் குறை வந்தாலோ வங்கி கடன் மறுத்தாலோ முற்பணம் முழுதாகத் திரும்பும் என்ற வரி அதில் இருந்தால் கொடுங்கள். அந்த வரியை எழுத அவர் சம்மதிக்காவிட்டால் வேறு வீடு பாருங்கள். இரத்மலானையிலும் தெஹிவளையிலும் விற்பனைக்கு வீடுகள் இன்னும் வரும்.