கேமிங் டேப்லெட் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லெனோவோவின் லீஜன் டேப் என்கிற கேமிங் டேப்லெட் பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. மற்ற கேள்விகளும் அதைச் சுற்றியே இருப்பதால், இந்த இதழ் முழுக்க கேமிங் டேப்லெட்டுக்கே ஒதுக்கிவிட்டேன்.

2025 ஜனவரியில் லெனோவோ அறிவித்த லீஜன் டேப் மூன்றாம் தலைமுறையில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப், 12 ஜிபி ரேம், 165 ஹெர்ட்ஸ் திரை எல்லாம் இருக்கிறது, விலை 499 டாலர் என்கிறார்கள். 8.8 அங்குல டேப்லெட்டுக்கு இந்த விலை தகுமா? — வாசகர், கோவை

499 டாலர் என்றால், அறிவித்தபோது இருந்த மதிப்பில், நம் பணத்தில் வரி இல்லாமலேயே 43,000 ரூபாயை ஒட்டி வந்தது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சிப். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 அறிமுகமானது 2023 அக்டோபரில். அதற்கு அடுத்ததான 8 எலைட்டும் 2024 அக்டோபரில் வந்துவிட்டது. "பழைய சிப்பைப் போட்டு ஏமாற்றுகிறார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்ட்ராய்டில் ஆடக்கூடிய பெரும்பாலான கேம்கள் இந்தச் சிப்பைத் திணறடிக்காது. திணறல் வேறு இடத்திலிருந்து வருகிறது, சூட்டிலிருந்து. இதே சிப் உள்ள போனில் ஆடிப் பாருங்கள், முதல் 10 நிமிடம் பறக்கும். பின்பக்கம் சூடேறச் சூடேற சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், ஃப்ரேம் (விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) விழும், சண்டை நடக்கிற நேரத்தில் படம் தடுக்கும். டேப்லெட்டின் உடம்பு பெரியது, சூடு பரவ இடம் இருக்கிறது, லீஜன் டேப்பில் அதற்கென்று வேப்பர் சேம்பரும் (சூட்டைப் பரப்புகிற தட்டையான உலோக அறை) வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் முதல் நிமிடத்தில் இருந்த வேகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறதா என்பதுதான் கேமிங் டேப்லெட்டில் பார்க்க வேண்டியது. விளம்பரத்தில் வருகிற பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண் அதைச் சொல்லாது, ஏனென்றால் அது பெரும்பாலும் சில நிமிட ஓட்டத்தில் எடுத்தது. தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆடிக் காட்டிய பரிசோதனை வீடியோக்களைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து 165 ஹெர்ட்ஸ், அதாவது திரை விநாடிக்கு 165 முறை படத்தை மாற்றும். கொஞ்சம் கணக்குப் போட்டால் இதன் மதிப்பு தெரிந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கிறது, 120 ஹெர்ட்ஸில் 8.3, 165 ஹெர்ட்ஸில் சுமார் 6.1. 60-லிருந்து 120-க்குப் போகும்போது 8 மில்லி விநாடிக்கு மேல் மிச்சமாகிறது, அதை யாராலும் உணர முடியும். 120-லிருந்து 165-க்குப் போனால் மிச்சமாவது 2 மில்லி விநாடியை ஒட்டித்தான். அதையும் கேம் கொடுத்தால்தானே பார்க்க முடியும்? பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) 120 ஃப்ரேமை சில சாதனங்களுக்கு மட்டும் திறந்துவிடுகிறது. கென்ஷின் இம்பாக்ட் என்கிற கேம் ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் 60-லேயே நின்றது. திரையில் 165 என்று போட்டிருப்பதால் கேமும் 165-ல் ஓடும் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். திரை நல்ல திரைதான், 2560x1600 புள்ளிகளை 8.8 அங்குலத்தில் அடைத்திருப்பதால் எழுத்தும் படமும் கூர்மையாக இருக்கும். ஆனால் அது எல்சிடி, கறுப்பு வரும் இடத்தில் ஒளியையே அணைத்துவிடுகிற ஓஎல்இடி இல்லை. கேமில் இருட்டான காட்சிகளில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்லாத ஒன்று: இதில் இரண்டு யுஎஸ்பி-சி துளைகள் இருக்கின்றன, ஒன்று நீளப் பக்கத்தில், ஒன்று குறுகிய பக்கத்தில். கிடைமட்டமாகப் பிடித்து சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடியவர்களுக்குத் தெரியும், ஒயர் உள்ளங்கையில் குத்துகிற அவஸ்தை. அது இதில் இல்லை. மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராகச் சாதனத்துக்குப் போகிற பைபாஸ் சார்ஜிங் வசதியும் உண்டு. ஆடும்போது பேட்டரி சேர்ந்து சூடாகாது, பேட்டரி ஆயுளுக்கும் நல்லது. இந்த வசதி தேவையும்கூட, ஏனென்றால் பேட்டரி 6550 எம்ஏஎச்தான், சுமார் 25 வாட்-மணி. கனமான கேம் திரையோடு சேர்த்து 8 வாட் இழுத்தால் 3 மணி நேரத்தில் காலி, இது என் கணக்கு. டேப்லெட் என்பதால் நாள் முழுக்க ஆடலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்.

மெமரி கார்டு போட இடமில்லை, 3.5 மிமீ ஹெட்போன் துளையும் இல்லை. கென்ஷின் மாதிரி ஒரு கேம் மட்டுமே 30 ஜிபி அளவுக்குப் பிடித்துக்கொள்ளும், 256 ஜிபி-யில் இப்படிப்பட்ட பெரிய கேம்களை எண்ணித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சுமார் 350 கிராம் எடையில், இரண்டு கையிலும் தாங்கிப் பிடித்து தினமும் ஆடுகிறவருக்கு, சம்பாதித்துத் தன் காசில் வாங்குகிறவருக்கு, இந்த விலை தகும் என்பேன். அந்த உபயோகம் இல்லாதவருக்குத் தகாது.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். லீஜன் டேப் வாங்கிக் கொடுத்தால் பாடமும் படிப்பேன், பிஜிஎம்ஐ போட்டிகளிலும் கலந்துகொள்வேன் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? — வாசகி, ஈரோடு

மகனோடு உட்கார்ந்து இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள். ஒன்று, பிஜிஎம்ஐ, பப்ஜி மொபைல் அதிகாரபூர்வப் போட்டிகள் போனுக்கானவை, டேப்லெட்டில் ஆட அனுமதிப்பதில்லை. டேப்லெட்டில் விரல் பழகிவிட்டால் மறுபடி சின்னத் திரைக்கு மாறுவது கஷ்டம், பட்டன்களின் இடம், கை வைக்கும் விதம், கைரோ (சாதனத்தைச் சாய்த்தே குறிபார்ப்பது) வேகம் எல்லாமே மாறிப்போகும். போட்டிக்குப் போக வேண்டும் என்பது உண்மையான ஆசையாக இருந்தால் டேப்லெட் அவனைப் பின்னால்தான் இழுக்கும். இரண்டு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பிஜிஎம்ஐ ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது, பெற்றோர் அனுமதியும் கேட்கிறது. உங்கள் கணக்கை வைத்து வயதை மாற்றிப் பதிவு செய்ய அவன் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படிப்புக்கு 8.8 அங்குலம் சின்னது. இரண்டு பத்தியாக அச்சிட்ட வினாத்தாளை இதில் திறந்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும், கண் வலிக்கும். இரண்டுக்குமாக ஒன்று வேண்டும் என்றால் ஷாவ்மி பேட் 7 பாருங்கள். 11.2 அங்குலத் திரை, 144 ஹெர்ட்ஸ், ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 3 சிப், 8850 எம்ஏஎச் பேட்டரி. 2025 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி ரேம், 128 ஜிபி மாடல் 27,999 ரூபாய். லீஜன் டேப்பை விட மெதுவான சிப்தான், ஆனால் அவன் சொல்கிற கேமுக்கு அது போதும், மிச்சப் பணத்தில் எழுதுகிற பேனாவும் வாங்கிவிடலாம். அரைக் கிலோ எடை என்பதால் தூக்கிப் பிடித்து ஆடினால் கை வலிக்கும், மேஜையில் வைத்துத்தான் ஆட முடியும்.

என் கருத்தைக் கேட்டால், பொதுத்தேர்வு முடியட்டும். மறுப்பாக இல்லாமல், இன்ன மாதம் வாங்கித் தருகிறேன் என்று தேதி சொல்லி வாக்குக் கொடுங்கள். விலையும் அதற்குள் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

'ஐபேட் வியூ' என்கிறார்களே, அது உண்மையிலேயே உதவுமா? அதற்காகவே ஐபேட் மினி வாங்கலாமா? — வாசகர், மதுரை

உண்மைதான். போன் திரை 20:9 மாதிரி நீளமாக ஒடுங்கி இருக்கும், பழைய ஐபேட் 4:3, கிட்டத்தட்டச் சதுரம். சில கேம்கள் திரையின் வடிவத்துக்கு ஏற்றபடி காட்சியைத் திறந்து காட்டுவதால், சதுரமான திரையில் மேலேயும் கீழேயும் கூடுதலாகத் தெரியும். மாடியில் நிற்கிறவன், பள்ளத்தில் தவழ்கிறவன் கண்ணில் படுவார்கள். லீஜன் டேப்பின் 16:10 திரையில் இது போனைவிடக் கொஞ்சம் அதிகம், ஐபேட் அளவுக்கு வராது. ஷாவ்மி பேட் 7, ஐபேட் மினி இரண்டும் 3:2-ஐ ஒட்டிய திரை, நடுவில் நிற்கின்றன.

ஐபேட் மினியில் 2024 அக்டோபரில் வந்தது ஏ17 ப்ரோ சிப், இந்தியாவில் 128 ஜிபி 49,900 ரூபாயில் தொடங்கியது. சிப்பில் குறை இல்லை, 300 கிராம்கூட இல்லாத எடை, மென்பொருள் அப்டேட் பல வருடம் வரும். ஆனால் திரை 60 ஹெர்ட்ஸ்! ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு, இருபதாயிரம் ரூபாய் போன்களிலேயே வந்துவிட்ட 120 ஹெர்ட்ஸ் இல்லை என்றால் எனக்கு மனசு வரவில்லை. சுடுகிற கேம் ஆடுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். புத்தகம் படிக்க, படம் வரைய, பத்து நிமிடம் சதுரங்கம் ஆட என்றால் தாராளமாக வாங்கலாம். ஐபேடில் ஆப்பிள் தன் வேகமான திரையை ப்ரோ மாடலுக்கே வைத்துக்கொள்வது சின்னத் திரை விரும்புகிறவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

கனடாவில் இருக்கிற சித்தப்பா சீனாவிலிருந்து வருகிற லீஜன் ஒய்700 மலிவு, அதை வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். இதுவும் அதுவும் ஒன்றுதானா? — வாசகர், யாழ்ப்பாணம்

வன்பொருள் கிட்டத்தட்ட ஒன்று, பெயர்தான் வேறு. சீனச் சந்தையில் ஒய்700, வெளியே லீஜன் டேப். ஆனால் மென்பொருள் ஒன்றல்ல. சீனப் பதிப்பு அந்த நாட்டு ஆட்களுக்காகச் செய்தது, கூகுள் பிளே நாம் பழகியபடி தயாராக இருக்காது. சில வியாபாரிகள் தாங்களே மென்பொருள் பூட்டை உடைத்து வேறு மென்பொருளை ஏற்றி 'குளோபல்' என்று விற்கிறார்கள். அதில்தான் ஆபத்து. அப்டேட் ஒன்று வந்து நீங்கள் ஏற்றினால் சாதனம் அப்படியே எழும்பாமல் கிடக்கலாம், பாதுகாப்புச் சோதனை செய்கிற வங்கிச் செயலிகள் திறக்காமல் போகலாம். உத்தரவாதத்துக்கு எங்கே கொண்டுபோவீர்கள்? சித்தப்பாவிடம் சொல்லி, அவர் இருக்கிற ஊரில் லெனோவோவே அதிகாரபூர்வமாக விற்கிற லீஜன் டேப்பை ரசீதோடு வாங்கச் சொல்லுங்கள். அப்போதும் உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். திரை உடைந்தால் பாகம் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அதுதான் பெரிய செலவு.

என்னிடம் 15,000 ரூபாய்தான் இருக்கிறது. கேமிங் டேப்லெட் என்று போட்டு விற்கிற மலிவான ஒன்றை வாங்கலாமா? — வாசகர், திருச்சி

தயவுசெய்து ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்: கைரோஸ்கோப் (கைரோ), அதாவது சாதனம் சுழல்வதை அளக்கிற சென்சார், இருக்கிறதா?

இரண்டு வருடம் முன்பு என் அக்கா மகனுக்கு இந்த விலையில் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் பெரிய எழுத்தில் கேமிங் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து பிஜிஎம்ஐ ஏற்றி, செட்டிங்கில் கைரோவை ஆன் செய்து சாதனத்தைச் சாய்க்கிறான், எதுவும் அசையவில்லை. உள்ளே அந்தச் சென்சாரே இல்லை. துப்பாக்கி மேலே எகிறுவதைக் கையைச் சாய்த்தே அடக்கப் பழகிய பையனுக்கு அது ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரி. அவன் என்னிடம் குறை சொல்லவே இல்லை, "பரவாயில்ல மாமா" என்றான், எனக்குத்தான் பல நாள் மனசு கேட்கவில்லை. இணையத்தில் விவரப் பட்டியலில் 'ஆக்சிலரோமீட்டர்' என்று மட்டும் போட்டிருந்தது. நான் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். ஆக்சிலரோமீட்டர் வேறு, அது திரை நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று சொல்லும், சுழற்சியை நுணுக்கமாக அளக்காது.

கடையில் வாங்கினால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. காட்சிக்கு வைத்த டேப்லெட்டில் யூடியூபில் ஒரு 360 டிகிரி வீடியோவைத் திறந்து, சாதனத்தோடு மெதுவாக நீங்களே திரும்பிப் பாருங்கள். காட்சியும் கூடவே வழுக்காமல் திரும்பினால் கைரோ உண்டு. நின்றுவிட்டாலோ தடுமாறினாலோ வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்தப் பணத்தில் டேப்லெட்டைவிட கைரோ உள்ள நல்ல போன் ஒன்றை வாங்குங்கள். கேமுக்கு அதுதான் உங்களுக்கு அதிகம் கொடுக்கும்.

உள்ளேயே ஃபேன் வைத்த டேப்லெட் வந்திருக்கிறதாமே? — வாசகர், சேலம்

ஆமாம், ரெட்மேஜிக் நோவா, 2024-ல் வந்தது. 10.9 அங்குலம், 144 ஹெர்ட்ஸ், 10,100 எம்ஏஎச் பேட்டரி, உள்ளே சுழலும் ஃபேன். சூட்டை அடக்க இதைவிட நேரான வழி இல்லை, நீண்ட நேர ஆட்டத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் ஃபேன் என்றால் காற்று போகும் துளை, துளை என்றால் தூசி. நம் ஊர் வீடுகளில் சீலிங் ஃபேன் இறக்கையில் ஒரு மாதத்தில் படிகிற தூசியை நினைத்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் அவ்வப்போது துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், பழுதானால் பார்த்துத் தர ஆள் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

சிம் போட முடியாத டேப்லெட்டில் வெளியே போகும்போது எப்படி ஆடுவது? — வாசகி, நாகர்கோவில்

லீஜன் டேப், ஷாவ்மி பேட் 7 இரண்டுமே வைஃபை மட்டும்தான், போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஆடலாம். டேட்டா அதிகம் ஆகாது, கேம் அப்டேட்டுகளை மட்டும் வீட்டு வைஃபையில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். போனை டேப்லெட்டின் பக்கத்திலேயே வைத்து, ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பிங் (கேம் சர்வர் பதில் தர ஆகும் தாமதம்) பெரிதாக எகிறாது. ஓடுகிற ரயிலில் மட்டும் முயல வேண்டாம், டவர் மாறும்போதெல்லாம் இணைப்பு அறுந்து உங்கள் அணியில் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள்.