மின் மாங் காலத்து டிராகன் வெள்ளிக்காசு அசல்தானா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

ஒரு பக்கம் கதிர் வீசும் சூரியன், அதைச் சுற்றி நான்கு எழுத்து, மறுபக்கம் டிராகன் உள்ள பெரிய காசுதான் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வியட்நாமின் நுயென் வம்ச அரசர் மின் மாங் (1820–1841) வெளியிட்ட 7 தியென் காசு அது. எழுத்துகளை மேல், கீழ், வலம், இடம் என்று படிக்க வேண்டும். காசில் பொறித்திருக்கும் ஆண்டு எண் அவருடைய ஆட்சியாண்டு, அதோடு 1819-ஐக் கூட்டுங்கள். 14 என்றால் 1833.

தியென், லாங் இரண்டும் அந்நாட்டு எடை அளவுகள். 10 தியென் சேர்ந்தது ஒரு லாங், சுமார் 38 கிராம். ஆக 7 தியென் 26 முதல் 27 கிராம் வரை வரும். அந்நாளில் ஆசியத் துறைமுகங்களில் புழங்கிய ஸ்பானிய டாலரும் கிட்டத்தட்ட இதே எடைதான்.

எடை சரியாக இருந்தால் போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. போதாது, பித்தளையைத் தடிமனாக வார்த்தாலும் அந்த எடை வந்துவிடும். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். காசின் எடையை அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 26.60 கிராம் காசுக்கு 2.60 காட்டினால் 10.2, நல்ல வெள்ளி. 3.10 காட்டினால் 8.6, பித்தளை வகை. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைத்துக் காட்டும்; காசைத் தண்ணீருக்குள்ளேயே லேசாக ஆட்டி உதறிவிடுங்கள். 10-ஐ ஒட்டி வந்தால் செம்பு கூடுதலாகக் கலந்த வெள்ளியாக இருக்கலாம், அதை வைத்தே போலி என்று ஒதுக்காதீர்கள். ஈயம் கலந்த போலியும் அதே எண்ணைக் காட்டும் என்பதால் இந்தச் சோதனையோடு நிற்கவும் கூடாது.

பிறகு 10 மடங்கு லென்ஸ். சூரியக் கதிர்களின் இடுக்கில் ஊசிமுனைக் குழிகள், ஒன்றோடொன்று கரைந்துபோன டிராகன் செதில்கள், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட கீறல்: இவை அச்சில் வார்த்தெடுத்த போலியின் அடையாளங்கள். அச்சடித்த அசல் காசு தேய்ந்திருந்தாலும் பள்ளத்தில் கோடு கூர்மையாக நிற்கும்.

திருநீறு, புளி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். உரைகல்லில் உரசவும் விடாதீர்கள். கருப்பேறிய மேல்பூச்சு போய்விட்டால் சேகரிப்பாளர் தரும் விலையும் அதோடு போய்விடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். எழுத்து சீன எழுத்தாக இருப்பதாலேயே இந்தக் காசுகளைச் 'சீன நாணயம்' என்று விற்கிறார்கள், அதுவும் எடை போடாமல், விளிம்புப் படம் இல்லாமல். அரசர் பெயரே காசின் மீது இருக்கும்போது இது பெரிய அநியாயம்.