சோக் மாற்றினால் கூடுதல் தட்டு உடையுமா?

துப்பாக்கி சுடும் விளையாட்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். முறையான உரிமத்துடன் 12 போர் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறேன். குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வகை. விடுமுறை நாள்களில் வெளியூர் சென்று, நம்மை விட்டு விலகிப் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பயிற்சி செய்கிறேன். 25 தட்டுகளில் 15 முதல் 17 வரை உடைக்கிறேன். துப்பாக்கியுடன், குழல் வாயில் திருகிப் பொருத்தும் ஐந்து சோக்குகள் வந்தன. வேறு நிறுவனம் தயாரிக்கும், குழலுக்கு வெளியே நீண்டு நிற்கும் விலை உயர்ந்த சோக்குகளைப் போட்டால் மூன்று நான்கு தட்டுகள் கூடும் என்று உடன் பயிலும் அண்ணன் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். ஒரு ஜோடி வாங்கவே என் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் பெட்டியில் இருக்கும் ஐந்து சோக்குகளும் என்ன செய்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகும் ஒரு குறை கண்ணுக்குத் தெரிந்தால், அந்தக் குறைக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

சோக் என்பது குழலின் வாய்ப்பகுதியில் அமைந்த குறுக்கம்தான். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், முழுச் சோக் அதை வாயருகே சுமார் 1 மில்லிமீட்டர் குறுக்குகிறது, அரைச் சோக் அரை மில்லிமீட்டரும் கால் சோக் கால் மில்லிமீட்டரும் குறுக்குகின்றன. இந்தச் சிறிய அளவுதான் தோட்டாவில் இருக்கும் சிறு ஈய ரவைகள் எவ்வளவு தூரம் ஒன்றாகச் செல்லும், எங்கே விரியத் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 40 கெஜத்தில், அதாவது சுமார் 36.5 மீட்டரில், 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு ரவைகள் விழுகின்றன என்று பார்ப்பது வழக்கமான அளவுகோல். முழுச் சோக்குக்கு 70, அரைச் சோக்குக்கு 60, குறுக்கமே இல்லாத சிலிண்டர் குழலுக்கு 40 விழுக்காடு என்பது பொதுக் கணக்கு. ரவைகளை இறுக்குவது குறுக்கத்தின் அளவுதானே தவிர, அதன்மேல் பொறித்திருக்கும் பெயர் அன்று. உங்களிடம் இருக்கும் அரைச் சோக்கும் அந்த விலை உயர்ந்த அரைச் சோக்கும் ஒரே அளவு குறுக்கினால், தட்டு வரை செல்லும் ரவைக் கூட்டமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். உள்பக்கச் சரிவு நீளமாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் சிறிது சீர்மை கிடைக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரு தோட்டாவை விட்டு வேறொரு தோட்டாவுக்கு மாறும்போது ஏற்படும் வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும்.

தவறும் தட்டுகள் ஏன் தவறுகின்றன என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 35 மீட்டர் தொலைவில் ஒரு தட்டு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறப்பதாகக் கொள்வோம். ரவைகள் அந்தத் தொலைவைக் கடக்கச் சுமார் எட்டில் ஒரு பங்கு நொடி ஆகும். அதற்குள் தட்டு மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். டிராப்பில் தட்டு நம்மை விட்டு விலகிக் கோணத்தில் போவதால் இந்தத் தொலைவு குறையும் என்றாலும், விசையை அழுத்தும் கணத்தில் துப்பாக்கி நின்றுவிட்டால் தவறும் அளவு ஒரு மீட்டரைத் தாண்டுவது எளிது. அதே தொலைவில் முழுச் சோக்குக்கும் சிலிண்டருக்கும் இடையே ரவைக் கூட்டத்தின் அகலத்தில் உள்ள மொத்த வேறுபாடு அரை மீட்டருக்குள்தான். ஒரு பக்கத்துக்குக் கால் மீட்டர் கூட வராது. அடுத்தடுத்த இரண்டு சோக்குகளுக்கு இடையே என்றால் சில சென்டிமீட்டர்கள் மட்டுமே. 25க்கு 16 எடுப்பவருக்குத் தவறும் ஒன்பது தட்டுகளில் பெரும்பாலானவை கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு எழுவதாலும், துப்பாக்கி நடுவில் நிற்பதாலும், தட்டு வெளிப்படும் இடத்தில் கண் நிலைக்காததாலும் தவறுகின்றன. இவற்றை எந்தச் சோக்காலும் ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் சோக்கே பொருட்டில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்வதேச விதிப்படி ஒரு தோட்டாவில் அதிகபட்சம் 24 கிராம் ஈயம்தான் இருக்கலாம், 2.4 மில்லிமீட்டர் ரவை என்றால் ஏறத்தாழ 300 ரவைகள். அவற்றில் 60 விழுக்காடு, அதாவது 180 ரவைகள், 30 அங்குல வட்டத்தில் சீராகப் பரவினால் ஒவ்வொரு 25 சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு ரவை வரும். 110 மில்லிமீட்டர் விட்டமும் 105 கிராம் எடையும் கொண்ட களிமண் தட்டு, டிராப்பில் பெரும்பாலும் தன் விளிம்பைத்தான் நமக்குக் காட்டுகிறது. அந்த விளிம்பின் பரப்பும் கிட்டத்தட்ட அதே 25 சதுர சென்டிமீட்டர்தான். தூரத்தில் சரியாகக் குறிபார்த்தும் தட்டு முழுதாகத் தப்பிப் போவதற்கும், ஒரே ஒரு துணுக்கு மட்டும் உதிர்வதற்கும் இதுவே காரணம். ஆகவே டிராப்பில் முதல் குண்டுக்கு அரை அல்லது முக்கால் சோக், இன்னும் தொலைவில் சுட வேண்டிய இரண்டாம் குண்டுக்கு முழுச் சோக் என்ற பழைய வழக்கம் காரணத்தோடு வந்ததே. இந்த அளவுகள் மூன்றும் உங்கள் பெட்டியிலேயே இருக்கும். பல தயாரிப்புகளில் சோக்கின் வாய் விளிம்பில் வெட்டுக்குறிகள் உண்டு. ஒரு வெட்டு என்றால் முழு, இரண்டு என்றால் முக்கால், மூன்று என்றால் அரை என்று பொருள்.

இனிச் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன். நான்கு அடிக்கு நான்கு அடி பழுப்புத் தாளை, அகலம் போதாவிட்டால் இரண்டாக ஒட்டி, பயிற்சித் தளத்தில் அனுமதி பெற்று 36.5 மீட்டரில் கட்டுங்கள். தளத்தில்தான் செய்ய வேண்டும். ஊரில் மாந்தோப்பு ஓரத்திலோ ஏரிக்கரையிலோ ஒருபோதும் கூடாது. தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதையே குறியாகக் கொண்டு, போட்டியில் பயன்படுத்தும் அதே தோட்டாவை ஒருமுறை சுடுங்கள். வட்டத்தைச் சுடுவதற்கு முன் வரையக் கூடாது; துளைகள் எங்கே அடர்த்தியாக விழுந்தனவோ அங்கே மையம் வைத்து, 15 அங்குல நூலில் பென்சில் கட்டி வட்டம் போட வேண்டும். உள்ளே விழுந்த ஒவ்வொரு துளையையும் பேனாவால் அடித்துக்கொண்டே எண்ணுங்கள். பிரித்துப் பார்த்த ஒரு தோட்டாவின் மொத்த ரவைகளால் வகுத்தால் விழுக்காடு கிடைக்கும். ஒரே தாளை நம்பக் கூடாது, ஏனென்றால் அடுத்தடுத்த குண்டுகளிடையே கூட ஐந்தாறு விழுக்காடு மாறும். ஒரு சோக்குக்கு ஐந்து தாள்களாவது வேண்டும்.

எண்ணி முடித்ததும் இன்னொன்றையும் பாருங்கள்: வட்டத்தின் மையம் நீங்கள் வைத்த புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? ஒவ்வொரு தாளிலும் ஒரே பக்கமாக ஒரு சாண் அளவு விலகினால், அந்தச் சோக் குழலின் மையக் கோட்டில் உட்காரவில்லை, அல்லது கட்டை உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. சோக்கைக் கழற்றித் திருகுமரையில் படிந்த கரியையும் பிளாஸ்டிக் படலத்தையும் பித்தளைத் தூரிகையால் எடுத்து, சிறிது கிரீஸ் தடவி மீண்டும் பொருத்தியும் விலகல் மாறாவிட்டால், அப்போது வேறு சோக்குக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. அரைச் சோக் என்று எழுதியிருந்தும் 70 விழுக்காடு விழுகிறது என்றாலும் அப்படியே. குழலின் உள்விட்டம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், பெயர் ஒன்றாகவும் குறுக்கம் வேறாகவும் இருப்பது உண்டு.

வெளியே நீளும் சோக்குக்கு உள்ள உண்மையான நன்மை வசதிதான். சாவி இல்லாமல் கையாலேயே மாற்றலாம், தளர்ந்திருந்தால் உடனே தெரியும். ஆனால் வாய்ப்பக்கம் எடை கூடுவதால் துப்பாக்கியின் சமநிலை மாறும்; சிலருக்கு அது ஒத்துவரும், சிலருக்கு வராது. வாங்குவதாக இருந்தால் உங்கள் குழலின் திருகுமரைக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். பெரெட்டாவின் மோபில்சோக்கும் ஆப்டிமா ஹெச்.பி.யும் ஒரே நிறுவனத்துடையவைதான், ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. அரைகுறையாகத் திருகிய சோக்கால் குழல் வாய் உப்பிப் போகும். அந்தப் பணத்துக்குத் தோட்டாவும், ஒரு நல்ல பயிற்சியாளரின் நேரமும் வாங்கினால் உங்கள் அண்ணன் சொல்லும் மூன்று நான்கு தட்டுகள் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி, முறைப்படி உரிமம் மாற்றப்பட்டு என்னிடம் இருக்கிறது. குழல்கள் பக்கம் பக்கமாக உள்ளன. சோக் கழற்ற முடியாது. இதைக் கடைந்து திருகு சோக் வைத்துத் தட்டு சுடலாமா? வாயைச் சிறிது அறுத்துவிட்டால் போதும் என்கிறார் பக்கத்து ஊர்க்காரர்.
– வாசகர், பாலக்கோடு

பதில்: அறுக்கும் பேச்சையே எடுக்காதீர்கள். குழலைக் குட்டையாக்குவதற்கு 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலையோர ஊர்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை அடிக்கடி அறிவிக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. முறையான உரிமம் வைத்திருப்பவர் தன் துப்பாக்கியில் கள்ளத்தனமாகக் கைவைத்து அந்தப் பட்டியலில் சேரக் கூடாது.

திருகுமரை வெட்டுவதற்கும் பழைய குழல்களின் வாய்ப்பகுதியில் போதிய தடிமன் இருப்பது அரிது. பொதுவாக இத்தகைய துப்பாக்கிகளில் வலக்குழல் தளர்வாகவும் இடக்குழல் இறுக்கமாகவும் இருக்கும். வலக்குழலை வைத்து அருகில் பறக்கும் தட்டுகளைச் சுட்டுப் பழகலாம். அதற்கும் முன்னால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, தோட்டா அறை 65 மில்லிமீட்டரா 70 மில்லிமீட்டரா என்று அளக்கச் சொல்லுங்கள். 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டா பல நேரம் எளிதாக உள்ளே போய்விடும். ஆனால் வெடித்து விரியும் அதன் வாய்க்கு இடம் போதாமல் உள்ளே அழுத்தம் ஏறும். பழைய குழல் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். எட்டு நிலைகளில் மாறி மாறி நின்று பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன். எட்டு நிலைகளுக்கும் சோக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: வேண்டாம் அம்மா. ஸ்கீட்டில் தட்டுகளைப் பெரும்பாலும் சுமார் 20 மீட்டர் தொலைவிலேயே உடைக்கிறோம். இரண்டு குழல்களிலும் குறுக்கம் மிகக் குறைந்த ஸ்கீட் சோக் போட்டுவிட்டு அதை மறந்துவிடலாம். அந்தத் தொலைவில் முழுச் சோக் போட்டால் ரவைக் கூட்டம் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும். சிலிண்டரில் அதுவே 75 சென்டிமீட்டர் வரை விரியும். கழகத் துப்பாக்கியில் டிராப் சுட்டவர் யாராவது முழுச் சோக்கை விட்டுப் போயிருக்கக்கூடும் என்பதால், சுற்று தொடங்குமுன் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்து, பயிற்சியாளர் முன்னிலையில் சோக்கின் குறியைச் சரிபாருங்கள். தளர்ந்திருந்தால் சாவியால் இறுக்கிக்கொள்ளுங்கள்.